குவாலோவா: மாட்டுப்பண்ணை குதிரைச் சவாரிக்கு மாறிய கதை

கேள்வி: ஹவாய் போகிறோம். ஓவாஹு தீவில் குவாலோவா ராஞ்ச் என்ற இடத்தில் குதிரைச் சவாரிக்குப் பதிவு செய்திருக்கிறோம். அது நிஜமாகவே மாட்டுப்பண்ணையாக இருந்த இடமா, இல்லை சுற்றுலாவுக்காகப் பண்ணை மாதிரி அமைத்ததா? அதன் வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிஜப் பண்ணைதான். இன்றைக்கும் அங்கே மாடு மேய்கிறது, கன்று போடுகிறது, இறைச்சிக்குப் போகிறது. 1850-ல் அந்த நிலத்தை வாங்கிய குடும்பத்தின் வாரிசுகள் கையில்தான் இன்னமும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டை மட்டும் நம்பி அந்த நிலம் நிம்மதியாகப் பிழைத்த காலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கரும்பு போட்டுப் பார்த்தார்கள், ராணுவம் வந்து உட்கார்ந்தது, சினிமாக்காரர்கள் வந்தார்கள், கடைசியில் உங்களைப் போன்றவர்களைக் குதிரையில் ஏற்றினார்கள். இது எல்லாவற்றுக்கும் நடுவே மாடு பாட்டுக்கு மேய்ந்துகொண்டே இருந்தது.

இடம் எங்கே என்று கொஞ்சம். ஹொனலுலுவும் வைகிகியும் இருப்பது தீவின் தென்கரை. கூலாவ் மலைத்தொடரைத் தாண்டி கிழக்குப் பக்கம் இறங்கினால், காற்றும் மழையும் நேரே வந்து மோதும் கரை. கனேஓஹே விரிகுடாவின் வடக்கு முனையில் குவாலோவா. செங்குத்தாக, மடிப்பு மடிப்பாக நிற்கும் பச்சை மலை. அதன் அடியில் புல்வெளி. புல்வெளி முடிகிற இடத்தில் நெடுஞ்சாலை. சாலையைத் தாண்டினால் கடல். குவாலோவா, ஹக்கிபுஊ, காஅவா என்று மூன்று பள்ளத்தாக்கு நிலங்கள் சேர்ந்து இன்றைய பண்ணை சுமார் 4,000 ஏக்கர்.

மாடு வருவதற்கு முன்பே இந்த நிலத்துக்குப் பெரிய பெயர் உண்டு. ஓவாஹுவிலேயே மிகப் புனிதமான இடங்களில் ஒன்று. அரச குலத்துக் குழந்தைகளை இங்கே வைத்து வளர்த்தார்கள், போர்க்கலை பழக்கினார்கள். தப்பித்து வந்தவர்களுக்கு அடைக்கலம் தரும் இடமாகவும் இருந்தது. இந்தக் கரையைக் கடக்கும் படகுகள் மரியாதைக்காகப் பாயை இறக்கிவிட்டுத்தான் போகும். 18-ஆம் நூற்றாண்டில் மௌவி தீவின் தலைவன் கஹெக்கிலி, ஓவாஹுவின் தலைவன் கஹஹானாவிடம் குவாலோவாவையும், அங்கே கரை ஒதுங்கும் திமிங்கிலப் பல்லையும் தனக்குத் தரும்படி கேட்டான். "அதைக் கொடுத்தால் ஆட்சியையே கொடுத்த மாதிரி" என்று பூசாரி கஓபுலுபுலு தடுத்தார் என்பது ஹவாய் வாய்மொழி வரலாறு. கேட்டும் கிடைக்காததை 1783-ல் கஹெக்கிலி படையெடுத்து வந்து எடுத்துக்கொண்டான். எதிரே கடலில் தொப்பி கவிழ்த்த மாதிரி தெரிகிற குட்டித்தீவு மொகோலிஇ. பேலே என்ற எரிமலைத் தெய்வத்தின் தங்கை ஹிஇயாக்கா வெட்டிப்போட்ட ராட்சதப் பல்லியின் வால் அது என்பார்கள்.

பண்ணைக்குள்ளேயே மோலிஇ என்ற மீன்குளம் இருக்கிறது. கடலின் ஓர் ஓரத்தைக் கல்சுவர் வைத்து மடக்கிய குளம், 100 ஏக்கருக்கு மேல். பல நூறு ஆண்டுப் பழமை, இன்னும் வேலை செய்கிறது. சுவரில் மதகு, மதகில் மரக்குச்சிகளை நெருக்கமாகக் கட்டிய தட்டி. மடவைக் குஞ்சு தட்டியின் சந்து வழியாக உள்ளே வந்துவிடும். உள்ளே பாசியைத் தின்று கொழுத்த பிறகு அதே சந்தில் வெளியே போக முடியாது. ஓதம் ஏறும்போது பெரிய மீன் கடல் தண்ணீரைத் தேடி மதகருகே வந்து கூடும். அங்கேயே வலை போட்டு அள்ளிக்கொள்ளலாம். மலை உச்சியிலிருந்து கடல் வரை ஒரே துண்டாக நிலத்தைப் பிரித்து, காடு, சேம்பு வயல், மீன்குளம் எல்லாம் ஒரு சமூகத்துக்கே இருக்கும்படி ஆண்டார்கள். இந்த அமைப்புக்கு அஹுபுவாஆ என்று பெயர். குவாலோவா அஹுபுவாஆ 1974-ல் அமெரிக்க தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது.

இனி மாட்டுக்கு வருவோம். ஹவாயில் மாடு கிடையாது, குதிரையும் கிடையாது. 1793-ல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் கலிபோர்னியாவிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து முதலாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அவற்றைப் பெருகவிட வேண்டும், யாரும் கொல்லக் கூடாது என்று மன்னர் தடை போட்டார். தடை நன்றாகவே வேலை செய்தது, தேவைக்கு மேலேயே. காட்டுமாடாகிப் பல்கிப் பெருகி, பயிரை மேய்ந்து, வேலியை முறித்து, ஆளை முட்டித் தள்ளின. மாடு பிடிக்கத் தோண்டிய குழியொன்றில்தான் 1834-ல் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் செத்துக் கிடந்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு காளை விழுந்திருந்தது. (டக்ளஸ் ஃபர் மரத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான்.)

குதிரை 1803-ல் ரிச்சர்ட் கிளீவ்லாண்ட் என்ற அமெரிக்க வணிகரின் கப்பலில் வந்து இறங்கியது. பத்துப் பதினைந்து பேரைக் கொண்டு காட்டுமாட்டை அடக்க முடியாது என்று புரிந்த பிறகு, 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா ஆட்சியில் மெக்சிக்க மாடு மேய்ப்பர்களைக் கலிபோர்னியாவிலிருந்து வரவழைத்தார்கள். அவர்களிடம் சேணம் செய்யவும் சுருக்குக்கயிறு வீசவும் கற்றுக்கொண்ட ஹவாய்க்காரர்கள்தான் பனியோலோக்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் 'கௌபாய்' காலம் என்று சினிமா காட்டுகிறதே, அதற்கு ஒரு தலைமுறை முன்பே இவர்கள் குதிரை மேல் உட்கார்ந்துவிட்டார்கள். 1908-ல் வயோமிங்கின் ஷையென் நகரப் போட்டிக்குப் போன இகுவா பர்டி, உள்ளூர்க்காரர்களை அவர்கள் மண்ணிலேயே சுருக்குக்கயிறு வீசி ஜெயித்தார்.

பனியோலோ வேலையின் உச்சம் கடற்கரையில்தான். துறைமுகம் இல்லாத கரைகளில் மாட்டைக் கப்பலேற்ற வேண்டும். சுருக்குப் போட்டுப் பிடித்த மாட்டைக் குதிரை மேலிருந்தபடியே அலைக்குள் இழுத்துக்கொண்டு போவான். குதிரைக்கு நிலம் எட்டாமல் நீந்தத் தொடங்கும் ஆழத்தில் ஒரு துடுப்புப் படகு காத்திருக்கும். படகின் இரு பக்கமும் மாடுகளின் தலையைத் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வரிசையாகக் கட்டுவார்கள். படகு கப்பலை நெருங்கியதும் ஒவ்வொன்றாக வயிற்றில் பட்டை கொடுத்துத் தூக்கிக் கப்பலில் இறக்குவார்கள். 'பெரிய தீவு' என்று அழைக்கப்படும் ஹவாய்த் தீவின் கோனா, கவைஹாயி கரைகளில் 20-ஆம் நூற்றாண்டிலும் இது நடந்தது. நீங்கள் ஏறப்போகும் சேணத்தின் முன்பக்கம் கொம்பு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றின் மறுமுனையைச் சுற்றி மாட்டின் இழுவையைத் தாங்கத்தான் அது. இப்போது பயந்த பயணிகள் பிடித்துக்கொள்ள உதவுகிறது.

குவாலோவா கைமாறிய கதைக்கு 1848 முக்கியம். அதுவரை ஹவாயில் நிலத்தை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது. அந்த ஆண்டு மன்னரும் தலைவர்களும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். 'மஹேலே' என்று பெயர். ஜூலை 1850-ல் வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. குடிமக்களுக்குக் கிடைத்தது மொத்தம் சுமார் 28,600 ஏக்கர், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதே 1850-ல் மூன்றாம் கமேஹமேஹா 622 ஏக்கரை டாக்டர் ஜெரிட் ஜட் என்பவருக்கு 1,300 டாலருக்கு விற்றார். ஏக்கருக்குச் சுமார் 2 டாலர். எதிரே உள்ள மொகோலிஇ தீவும் சேர்த்து. ஜட் 1828-ல் கிறித்தவ மிஷனரிகளோடு மருத்துவராக வந்தவர். ஹவாய் மொழியைக் கற்று, மிஷனை விட்டு விலகி, அரசின் நிதி அமைச்சரானவர். 1843-ல் ஜார்ஜ் பாலெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தீவுகளை ஐந்து மாதம் பிடித்து வைத்திருந்தபோது, ஜட் இரவில் அரச கல்லறைக்குள் ஒளிந்து, ராணி கஅஹுமானுவின் சவப்பெட்டியையே மேசையாக வைத்து அரசின் முறையீடுகளை எழுதினார். ஹவாயின் சுதந்திரத்துக்காக உண்மையாகவே பாடுபட்டவர். அதே சமயம் நிலச்சட்டத்தை மாற்ற முன்னின்ற ஆலோசகர்களில் ஒருவரும் அவர்தான். சட்டம் மாறிய ஆண்டிலேயே நாட்டின் புனித நிலங்களில் ஒன்று அவர் பெயருக்கு வந்தது. பண்ணையின் சுற்றுலாவில் "மன்னரின் நம்பிக்கைக்குரிய நண்பர்" என்று மட்டும் சொல்வார்கள். அதுவும் பொய் இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இந்த இடத்தின் கதை முழுமையாகாது என்பது என் கருத்து.

ஜட்டின் மகன் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் ஜட் 1860-களில் பக்கத்து நிலங்களில் இன்னும் 2,200 ஏக்கரளவு வாங்கினார். பண்ணை இன்றைய உருவத்துக்கு வரத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் அவருக்கு மாட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர், லூயிசியானா சர்க்கரை வடக்கே போகவில்லை, விலை எகிறியது. தன் மைத்துனர் சாமுவேல் வைல்டரோடு சேர்ந்து 1863-ல் கரும்பு போட்டார். நீராவியில் ஓடும் ஆலை வைத்தார். ஓவாஹுவில் அப்படிப்பட்ட முதல் ஆலை அது என்பார்கள். கொதிக்கும் பாகுக் கொப்பரையில் வைல்டரின் சின்ன மகன் தவறி விழுந்து இறந்தான். போர் முடிந்து விலையும் இறங்கிவிட்டது. மழையும் ஏமாற்றியது. 1871-ல் ஆலையை மூடினார்கள்.

இதில் ஒரு சோகம் உண்டு. 1876-ல் ஹவாய்ச் சர்க்கரை சுங்கம் இல்லாமல் அமெரிக்காவுக்குள் போகலாம் என்று ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. கரும்பில் இறங்கியவர்கள் எல்லோரும் கொழித்தார்கள். குவாலோவா ஐந்தே ஆண்டில் கோட்டைவிட்டது. ஒரு வகையில் அதுவே நல்லதாகப் போயிற்று. ஆலை நிலைத்திருந்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்புக்காடாகி, கரும்பு செத்த பிறகு மனைகளாகியிருக்கும். ஓவாஹுவின் கரும்பு நிலங்கள் பலவற்றுக்கு நேர்ந்தது அதுதான்.

கரும்பு போன இடத்தில் மாடு திரும்பி வந்தது. சார்லஸ் ஜட் அதற்குள் அரண்மனைக்குப் போய்விட்டார். கலாக்காவா மன்னரின் அணுக்க அதிகாரி. 1881-ல் மன்னர் உலகைச் சுற்றி வந்தபோது உடன்போன சிலரில் இவரும் ஒருவர். அந்தப் பயணத்தில் சிங்கப்பூர், பினாங்கு, கல்கத்தா, பம்பாய் எல்லாம் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த அறுபது ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலி, புல், கன்று, சந்தை. அப்படியே 1941 டிசம்பர் 7 வந்தது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சில நிமிடம் முன்பே ஜப்பானிய விமானங்கள் கனேஓஹே கடற்படை விமானத் தளத்தைத் தாக்கின. அது குவாலோவாவுக்கு நேர் எதிரே, விரிகுடாவின் மறுமுனை. உடனே ராணுவம் பண்ணையை எடுத்துக்கொண்டது. கடலோரச் சமவெளியில் விமான ஓடுதளம். மலையைக் குடைந்து கான்கிரீட் பதுங்கு கட்டடங்கள், பீரங்கி மேடைகள். போர் முடிந்து நிலம் திரும்பி வந்தது, கான்கிரீட் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மலையைக் குடைந்து கட்டிய அந்தப் பெரிய பங்கரில்தான் இப்போது சினிமாப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

போருக்குப் பிறகு மாட்டுக் கணக்கு சரிப்படவே இல்லை. 1959-ல் ஹவாய் அமெரிக்க மாநிலமாகி, ஜெட் விமானங்கள் வந்து, ஓவாஹுவில் நிலத்தின் விலையும் வரியும் ஏறின. தீவில் தீவனத் தானியம் பெரிதாக விளைவதில்லை. மாட்டைக் கொழுக்கவைக்கத் தீவனம் கப்பலில் வர வேண்டும். அதைவிடக் கன்றையே கப்பலேற்றிப் பெருநிலத்துக்கு அனுப்பி அங்கே கொழுக்கவைப்பது மலிவு என்று ஹவாய்ப் பண்ணைக்காரர்கள் முடிவுக்கு வந்தார்கள். லாபத்தில் பெரும்பகுதி கன்றோடு சேர்ந்து அங்கேயே போய்விடும். புல் மட்டும் இருக்கிற சின்னப் பண்ணைக்கு என்ன மிஞ்சும்? விற்றுவிடு, வீடு கட்டட்டும் என்று சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

குடும்பம் வேறு வழி எடுத்தது. வைகிகியில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பயணிகள். குறிப்பாக யென் வலுவாக இருந்த காலத்தில் ஜப்பானியர்கள். அவர்களைப் பேருந்தில் ஏற்றி மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தால் ஒரு நாள் பொழுது போகும். 1980-களின் நடுவில் வாயிலைத் திறந்தார்கள். கையில் என்ன இருந்தது? குதிரை இருந்தது, குதிரையைப் பழக்கத் தெரிந்த ஆள் இருந்தான், மாடு மிதித்து மிதித்துப் போட்ட தடம் இருந்தது. முதலீடே தேவைப்படாத வியாபாரம் சவாரிதான். பிறகுதான் நான்கு சக்கரக் குட்டி வண்டி, கயிற்றில் தொங்கி வழுக்குவது, படகு எல்லாம் சேர்ந்தன.

சினிமா அதற்கு முன்பே எட்டிப் பார்த்திருந்தாலும், உலகம் முழுக்க இந்த இடத்தைத் தெரியவைத்தது ஒரு புயல். 'ஜுராசிக் பார்க்' படப்பிடிப்பு கவாயி தீவில் நடந்துகொண்டிருந்தது. 1992 செப்டம்பர் 11-ல் இனிக்கி புயல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. மிச்சமிருந்த காட்சியை, டைனோசர் மந்தை ஓட மனிதர்கள் ஒரு விழுந்த மரத்தடியில் ஒளியும் அந்தக் காட்சியை, குவாலோவாவின் காஅவா பள்ளத்தாக்கில் எடுத்தார்கள். மாடு மேய்ந்து புல்லைத் தாழ்வாக வைத்திருந்ததால்தான் அந்த வெட்டவெளி கிடைத்தது. இல்லாவிட்டால் கினியாப் புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். கேமராவும் உள்ளே போகாது, நடிகரும் தெரியமாட்டார். இன்றைக்கு அந்த மரத்தைக் காட்டும் சுற்றுக்குத்தான் கூட்டம் அதிகம். குதிரையையே மிஞ்சிவிட்டது.

வேறொரு சம்பவம் இருக்கிறது, பயணிகளிடம் குறைவாகவே சொல்லப்படுவது. கருவிகள் எதுவும் இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்துப் பயணம் செய்த பாலினேசிய (பசிபிக் தீவு மக்களின்) முறையை மீட்க ஹவாய்க்காரர்கள் கட்டிய இரட்டைப் படகு 'ஹோகுலேஆ'. 1975 மார்ச் 8-ல் அது முதன்முதலில் கடலில் இறங்கியது இந்த ஹக்கிபுஊ–குவாலோவா கரையில். அடுத்த ஆண்டே தஹிதித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால், டைனோசர் மரத்தைவிட இதற்குத்தான் ஒரு பலகை வேண்டும்.

இனி உங்கள் சவாரிக்கு. பாய்ந்து ஓடலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். நடைதான். முன்னால் ஒரு வழிகாட்டி, நடுவில் நீங்கள் எல்லோரும் ஒற்றை வரிசையில். அந்தக் குதிரைகளுக்குப் பாதை மனப்பாடம்; நீங்கள் லகானைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முன்னே போகிற குதிரையின் வாலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே இடைஞ்சல் புல். இரண்டு பக்கமும் பச்சையாகத் தெரிந்தால் தலையைக் குனிந்துவிடும். குனிந்த பிறகு இழுத்தால் உங்களால் முடியாது. காது முன்னே சாயும்போதே லகானைச் சற்றுத் தூக்கிவிடுங்கள். அங்கவடியில் காலை முழுக்க நுழைக்காமல் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வையுங்கள். முழுக்கால் சட்டை, மூடிய காலணி போடுங்கள். சேணத்தின் பட்டை கெண்டைக்காலில் உரசும். எடைக்கும் வயதுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தால் காஅவா பள்ளத்தாக்கின் உள்ளே போகும் நீண்ட சவாரியை எடுங்கள். மழை வந்தாலும் போகட்டும். அந்தப் பக்கம் மழை அடிக்கடி வரும், சீக்கிரம் விடும். பண்ணைக் கடையில் அங்கேயே மேய்ந்த மாட்டின் இறைச்சியும், அங்கேயே வளர்த்த இறாலும் சிப்பியும் விற்கிறார்கள். கரும்பு ஆலையைப் பார்க்கத் தனியாகச் சீட்டு வேண்டாம். பண்ணை வாயிலிலிருந்து கமேஹமேஹா நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் சாலையோரத்திலேயே இடிந்த கல்சுவரும் புகைபோக்கியின் மிச்சமும் தெரியும். உள்ளே நுழையாதீர்கள், கல் பெயர்ந்து விழும். வண்டியை ஒதுக்கி நிறுத்த இடம் குறைவு, பின்னால் வருகிறவர்களைப் பார்த்துத் திருப்புங்கள்.